இரண்டு பிள்ளைகள், ஒரு சிறுதேர்

தள்ளுவண்டி ஒன்று வாங்கப் போகிறோம் என்று சொன்னதும் எதிர்வீட்டுப் பெரியவர் மிகவும் வருந்தினார். "வாத்தியார் சம்பளம் கட்டுப்படி ஆகலையா தம்பி? காய்கறியா, பழமா?" என்று கேட்டார். குழந்தைகளை உட்கார வைத்துத் தள்ளும் வண்டி என்று விளக்கினோம். அவருடைய வருத்தம் வியப்பாக மாறியது. வியப்பு மெல்ல இரக்கமானது. "பிள்ளையத் தூக்க இடுப்பு இல்லையா?" என்றார்.

நியாயமான கேள்விதான். திருப்பனந்தாளில் பிள்ளைகளின் ஊர்தி இடுப்புத்தான். தாயின் இடுப்பு, பாட்டியின் இடுப்பு, எட்டு வயது அக்காளின் இடுப்பு. உறக்கத்திற்கு உத்தரத்தில் கட்டிய பழம்புடவைத் தூளி. நடை பழக மூன்று சக்கர நடைவண்டி. இவற்றுக்கு மேல் நான்காவதாக ஒன்று வேண்டும் என்று இவ்வூரில் யாருக்கும் தோன்றியதில்லை. எங்களுக்கும் தோன்றியிருக்காது.

எங்களுக்கு மணமாகிப் பதினோரு ஆண்டுகள் கழித்து, 2022 ஆவணியில் மகள் பிறந்தாள். அவளே கடைசிவரை ஒருத்தி என்று எண்ணியிருந்தோம். 2024 வைகாசியில் தம்பி வந்தான். வந்தவன் அறுவைச் சிகிச்சையின் வழியே வந்தான். தாயின் வயது நாற்பத்தொன்று. சில வாரங்களுக்குக் கைக்குழந்தையின் எடைக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். கைக்குழந்தை மூன்று கிலோ. மகள் பதினொரு கிலோ. அந்த ஒரு வாக்கியத்தில் அவளுக்குரிய இடுப்பு அவளிடமிருந்து பறிபோனது.

அவள் அழுதிருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும். மாலை ஐந்து மணிக்கு அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு சன்னதித் தெரு வரை போய் வருவது பிறந்த மூன்றாம் மாதத்திலிருந்து வழக்கம். மருத்துவமனையிலிருந்து வந்த மறுநாள் அதே நேரத்தில் தன் செருப்புகள் இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே தம்பி பால் குடித்துக்கொண்டிருந்தான். பாட்டி கூப்பிட்டுப் பார்த்தார். அப்பா கூப்பிட்டுப் பார்த்தார். அவள் அசையவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, செருப்புகளை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். நான்கு நாள் இப்படி நடந்தது. ஐந்தாம் நாள் செருப்பை எடுக்கவே இல்லை. அன்று இரவுதான் வண்டியைப் பற்றிப் பேசத் தொடங்கினோம்.

எங்களில் ஒருவர் தமிழ் நடத்துபவர், மற்றவர் வணிகவியல். ஆகையால் ஒருவர் இலக்கியத்திலும் மற்றவர் விலைப்பட்டியலிலும் தேடினோம்.

இலக்கியத்தில் வண்டிக்குப் பஞ்சமில்லை. பட்டினப்பாலையில், இதே காவிரி கடலோடு கலக்கும் பூம்புகாரில், காயவைத்த தானியத்தைக் கொத்த வரும் கோழியை விரட்டப் பெண்கள் காதணியைக் கழற்றி எறிகிறார்கள். அது சிறுவர் உருட்டி வரும் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியில் கிடந்து தடுக்கிறது. பண்டிதமணி கதிரேசச் செட்டியார் தமிழில் தந்த 'மண்ணியல் சிறுதே'ரில், பொன்வண்டிக்கு அழும் சாருதத்தன் மகனின் மண்வண்டியை வசந்தசேனை தன் நகைகளால் நிரப்புகிறாள். நாங்கள் வாழ்வதோ குமரகுருபரர் மரபில் வந்த காசி மடத்தின் ஊர். வைத்தீசுவரன் கோயில் முருகன்மீது அவர் பாடிய முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழ், ஆண்பாற் பிள்ளைத்தமிழின் முறைப்படி, சிறுதேர்ப் பருவத்தில் நிறைகிறது. மதுரை மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் ஊசலில் நிறைகிறது. ஆண்பிள்ளைக்குத் தேர், பெண்பிள்ளைக்கு ஊஞ்சல். வகுப்பில் இந்தப் பாகுபாட்டை இருபது ஆண்டுகளாக எழுதிப் போட்டுவருகிறோம். எங்கள் வீட்டில் தேர் தேவைப்பட்டது பெண்ணுக்கு. தூளி ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தவன் பையன்.

இவற்றில் எதிலும் பிள்ளை தேரில் உட்காரவில்லை என்பதையும் அப்போதுதான் கவனித்தோம். பிள்ளைதான் உருட்டுகிறது. நடைவண்டியும் அப்படித்தான். பிள்ளையை உட்கார வைத்துப் பெரியவர் தள்ளுவது வேறு மரபு. இங்கிலாந்தில் 1733-இல் டெவன்ஷயர் கோமகனின் பிள்ளைகளுக்காக வில்லியம் கென்ட் என்னும் கலைஞர் ஒரு வண்டி செய்து கொடுத்தார். அதை இழுக்கச் சிறு விலங்கைப் பூட்டுவார்களாம். இன்று எங்கும் காணும் மடக்கு வண்டியை வடிவமைத்தவர் ஓவன் மக்லாரன். இரண்டாம் உலகப் போரின் ஸ்பிட்ஃபயர் விமானத்துக்குச் சக்கர அமைப்பில் பங்களித்தவர். கனத்த வண்டியோடு பயணத்தில் மகள் பட்ட அல்லலைக் கேட்டு, அலுமினியக் குழாய்களால் குடைபோல் மடங்கும் வண்டியை உருவாக்கி 1965-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. ஒரு தகப்பன் மகளின் சுமையைக் கண்டு செய்தது என்பதாலோ என்னவோ, அந்த வண்டியின்மேல் எங்களுக்கு மரியாதை உண்டாயிற்று.

ஆனால் அது ஒரு பிள்ளைக்கானது. இருவருக்கானவை இரண்டு வகை. இருவரும் அருகருகே அமர்வது ஒன்று. ஒருவர் பின் ஒருவராக அமர்வது மற்றொன்று. அருகருகே வைப்பதில் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளலாம், எடை சமமாக விழும், திருப்புவது எளிது. ஆனால் அகலம் பெரும்பாலும் முப்பது அங்குலத்தை நெருங்கும். அளவுநாடாவோடு வீட்டைச் சுற்றி வந்தோம். தாத்தா கட்டிய வீட்டின் வாசல்நிலை இருபத்தெட்டு அங்குலம். சரி, திண்ணையில் நிறுத்தலாம் என்றால் மழை. ஆசையோடு பார்த்து வைத்திருந்த அருகருகு வண்டி அந்த இரண்டு அங்குலத்தில் போயிற்று.

முன்பின் வகை ஒற்றை வண்டியின் அகலமே இருக்கும், நீளம் கூடும். திரும்புகையில் நம் ஊர்ப் பேருந்துபோல் வட்டம் போட வேண்டும். முன்னிருக்கையில் இருப்பவர் சட்டென்று இறங்கினால் பின்பாரம் கூடிச் சில வண்டிகள் பின்புறமாகச் சாயக்கூடும். கைப்பிடியில் காய்கறிப் பை மாட்டியிருந்தால் சொல்லவே வேண்டாம். இத்தனையையும் படித்துத் தெரிந்துகொண்டுதான் முதல் வண்டியை இணையத்தில் ஒரு நிறுவனத்திடம் வரவழைத்தோம். ஏமாந்தோம். படத்தில் பின்னிருக்கையில் பச்சைக் குழந்தை ஒன்று நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்தது. வந்த வண்டியின் பின்னிருக்கையோ பாதிவரைதான் சாய்ந்தது. ஆறு மாதத்திற்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் என்று கையேட்டின் உள்ளே பொடி எழுத்தில் இருந்தது.

இது சிறிய விஷயமன்று. பிறந்த குழந்தைக்குக் கழுத்து நிற்பதில்லை. சாய்ந்து உட்கார்ந்த நிலையில் உறங்கினால் தலை முன்னே கவிழ்ந்து, முகவாய் மார்பில் படிந்து, மூச்சுக்குழல் நெருக்கப்படும். ஆகவே ஏறத்தாழ முதல் ஆறு மாதம் மட்டமாகப் படுக்கும் இருக்கை வேண்டும். வெயிலுக்காக வண்டியின்மேல் துணி போட்டு மூடுவதும் ஆபத்து. உள்ளே காற்றோட்டம் நின்று வெப்பம் ஏறிவிடும். எங்கள் அம்மா ஈரத்துண்டோடு தயாராக இருந்தார். அவரைத் தடுக்க நேர்ந்தது. வண்டி திரும்பிப் போயிற்று. பணம் திரும்பி வர மூன்று வாரமாயிற்று.

இதற்கிடையில் அம்மா வேறொரு வழக்கைத் தொடுத்தார். "பதினோரு வருசம் ஊர் வாயில விழுந்தது போதாதா? இப்ப ரெண்டையும் ஒண்ணா வச்சு ஊர்கோலம் போறீங்களா? கண்ணுபட்டுப் போகும் தம்பி." அவருடைய அச்சத்தில் பதினோரு ஆண்டுகளின் வலி இருந்தது. எத்தனை வளைகாப்புகளில் அவர் பின்வரிசைக்குத் தானே ஒதுங்கியிருப்பார் என்பது எங்களுக்குத் தெரியும். பகுத்தறிவு பேசவில்லை. வண்டி வந்ததும் நீங்களே எலுமிச்சையும் மிளகாயும் கட்டுங்கள் என்று சொன்னோம். அவருக்கு அந்த ஏற்பாடு பிடித்திருந்தது.

இரண்டாம் முறை படத்தை நம்பவில்லை. சென்னையில் ஒரு கடைக்கே நேரில் போனோம். போகும்போது ஒரு தாளில் ஐந்து கேள்விகளை எழுதிக்கொண்டோம். பின்னிருக்கை முழுதும் படுக்கிறதா? முன்னிருக்கை காலியாக இருந்தாலும் கவிழாமல் நிற்கிறதா? இருபத்தெட்டு அங்குல நிலைக்குள் நுழையுமா? ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு மறுகையால் மடக்க முடியுமா? சக்கரம் எங்கள் தெருவைத் தாங்குமா? தோள் இரண்டு, இடுப்பு இரண்டு, கால்நடுவே ஒன்று என ஐந்து முனைப் பட்டை வேண்டும் என்பதில் கேள்வியே இல்லை. எட்டிப் பார்க்கிற வயதுக்காரி எங்கள் மகள். ஐரோப்பிய வண்டிகளுக்கான பாதுகாப்புத் தரம் இஎன் 1888 என்பதையும் தாளின் ஓரத்தில் குறித்திருந்தோம். கடைக்காரர் பொறுமைசாலி. நாங்கள் முன்னிருக்கையில் வைத்துப் பார்க்கப் பத்துக் கிலோ அரிசிப் பையைக் கேட்டபோதுதான் சற்றுத் தடுமாறினார். பிறகு அவரே பக்கத்துக் கடையிலிருந்து தூக்கி வந்தார்.

நான்கு கேள்விகளுக்கு ஆம் என்று பதில் சொன்ன வண்டி கிடைத்தது. ஒரு கையால் மட்டும் மடங்கவில்லை. பதினான்கு கிலோ எடை. விலை பதினாறாயிரத்துக்கும் மேல். சக்கரங்கள் கொஞ்சம் பெரியவை. இரவுப் பேருந்தின் வயிற்றில் படுத்து, அணைக்கரை வழியாகக் கொள்ளிடத்தைத் தாண்டி, விடியற்காலையில் ஊர் வந்து சேர்ந்தது.

அன்று மாலை ஐந்து மணிக்குச் செருப்பை நாங்களே எடுத்து மகளின் கையில் கொடுத்தோம். வண்டியைச் சுற்றி வந்தாள். முன்னிருக்கையைத் தட்டிப் பார்த்தாள். ஏறி உட்கார்ந்தாள். பின்னால் தம்பி மட்டமாகப் படுத்து ஆகாயம் பார்த்தான். முன் அச்சில் எலுமிச்சை ஆட, தெரு முழுதும் வாசலுக்கு வந்தது. கண்ணேறு என்று அம்மா பயந்தது நிகழவில்லை. யாரோ ஒருவர் வெற்றிலை பாக்கு வாங்கித் தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார், தேருக்குக் கொடுப்பதுபோல.

ஒரு வாரம் இப்படி. எட்டாம் நாள் இறங்கிவிட்டாள். இனி உட்கார மாட்டாளாம், தள்ளுவாளாம். கைப்பிடி அவளுக்கு எட்டாது. அதற்குக் கீழே உள்ள குழாயைப் பிடித்துக்கொண்டு, தலையால் முட்டுவதுபோல் குனிந்து தள்ளினாள். நாங்கள் மேலே பிடித்துக்கொண்டோம். பதினாறாயிரம் ரூபாயின் பாதி காலியாக ஓடுகிறதே என்று வணிகவியல் முதலில் கணக்குப் பார்த்தது. தமிழுக்கு மட்டும் சிரிப்பு வந்தது. பிள்ளைதான் தேரை உருட்டும் என்று படித்திருந்தோமே. பெண்பிள்ளைக்குச் சிறுதேர்ப் பருவம் இல்லை என்று அவளிடம் சொல்ல யாருக்குத் துணிவு உண்டு?

புரட்டாசியில் குறுவை அறுவடை. சாலையில் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள். வண்டி நின்றது. கோழிகள் இருந்தன, காதணி எறியும் பெண்கள்தாம் இல்லை. நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்த அம்மாள் ஒருவர், மகளைப் பார்த்துவிட்டு, வண்டியகலத்திற்கு நெல்லை ஒதுக்கி வழி விட்டார். அவள் பெரிய மனுசியாகத் தம்பியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

செஞ்சடையப்பர் கோயிலுக்குள் வண்டியை ஏற்ற முடியாது. கோபுரத்தடியில் நிறுத்திவிட்டு ஒருவர் கையில் தம்பி, ஒருவர் விரலில் மகள். இந்தக் கோயிலுக்குத் தாடகையீச்சரம் என்று பெயர். இராமாயணத் தாடகை அல்லள், இவள் அடியவள். ஒருநாள் இரு கையிலும் மாலை ஏந்தி நின்றபோது ஆடை நெகிழ்ந்தது. மாலையை விடவும் மனமில்லை. முழங்கைகளால் ஆடையை இடுக்கிக்கொண்டு தவித்தாள். இறைவன் தலை சாய்த்து மாலையை ஏற்றான் என்பது தலக்கதை. சாய்ந்த அந்தச் சிவலிங்கத்தை அரசனின் யானைகளால் நிமிர்த்த இயலவில்லை. குங்கிலியக்கலய நாயனார் தம் கழுத்தில் கயிறு பூட்டி இழுக்க நிமிர்ந்தது. எத்தனையோ முறை மாணவர்களுக்குச் சொன்ன கதை. எப்போதும் நாயனார் பகுதியைத்தான் விரித்துச் சொல்வோம். இரண்டு கையும் நிறைந்துபோன ஒரு பெண்ணின் கதை அது என்பது, ஒன்று தோளிலும் ஒன்று காலைக் கட்டிக்கொண்டும் நிற்க அங்கே நின்ற அன்றுதான் உறைத்தது.

தாயின் தையல் ஆறிவிட்டது. மகளைத் தூக்க இப்போது தடையில்லை. இடுப்பை நீட்டினால் வருகிறாள். சிறிது நேரத்தில் இறங்கி வண்டியிடம் போய்விடுகிறாள். போகும்போது தள்ளுகிறாள். திரும்பும்போது களைத்து முன்னிருக்கையில் ஏறி, காசி மடம் தாண்டுவதற்குள் உறங்கிவிடுகிறாள். எதிர்வீட்டுப் பெரியவர் திண்ணையிலிருந்து எழுந்து வந்து, நாங்கள் கேட்காமலே, முன்சக்கரத்தைப் பிடித்துத் தூக்கி நிலைப்படி தாண்டி வைக்கிறார்.