கான்டெஸா கணக்கு

பழைய சொகுசு கார் பாதி விலைக்கு வருதே, வாங்கலாமா என்று வகுப்பில் மாதம் ஒருவராவது என்னைக் கேட்கிறார்கள். காரணம், ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் 1996 மாடல் கான்டெஸா. தாத்தா வாங்கியது. அதனால் என்னையும் அனுபவசாலி என்று நினைத்துவிட்டார்கள் போல :) சரி, தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. (ஓடாதீங்க, சின்னதுதான்!) 1970களில் இங்கிலாந்தில் வாக்ஸ்ஹால் கம்பெனி விற்ற கார் இது. அதையே இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984 முதல் 2002 வரை இங்கே கான்டெஸாவாகத் தயாரித்தது. ஆரம்பத்தில் அம்பாஸடரின் 1.5 லிட்டர் என்ஜின்தான். யானைக்கு ஆட்டுக்குட்டியின் கால்! பிறகு வந்த இசுஸு 1.8 லிட்டர் என்ஜினும் 5 கியரும்தான் மானத்தைக் காப்பாற்றின. எங்கள் வண்டி அந்த ரகம்.

இனி கணக்கு. என்ஜின் எங்களைப் பெரிதாகப் படுத்தியதில்லை. அதே இசுஸு என்ஜின் பின்னால் அம்பாஸடரிலும் வந்ததால் உதிரிபாகம் எங்கேயாவது கிடைத்துவிடும். படுத்துவதெல்லாம் சின்னச் சின்ன சமாசாரங்கள்... டெயில் லைட், கதவு பீடிங், டோர் ஹேண்டில். ஒரு டெயில் லைட்டுக்காக அப்பா சென்னை புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்தார். காரின் விலைதான் வருஷா வருஷம் இறங்குகிறது, செலவு இறங்குவதில்லை.

அடுத்தது பெட்ரோல். 2025-ல் நாடு முழுக்க 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. எத்தனாலில் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனால் மைலேஜ் கொஞ்சம் அடிபடும். அதைவிட முக்கியம், பழைய ரப்பர் குழாய்களையும் கார்புரேட்டர் கேஸ்கெட்டுகளையும் அது கெடுக்கும். ஈரத்தையும் இழுக்கும். ஓட்டாமல் நிறுத்தி வைத்தால் இன்னும் மோசம். நாங்கள் குழாய்களை மாற்றிவிட்டோம், வாரம் ஒருமுறை காவிரிப் பாலம் தாண்டி ஒரு ரவுண்டு போய் வருகிறோம்.

மூன்றாவது ஆர்.சி. 15 வருஷம் முடிந்த காருக்கு 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். எங்களுக்கு 2021-ல் கட்டணம் 600 ரூபாய். 2022-ல் அது 5,000 ஆனது. 2025-ல் 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். எங்கள் வண்டிக்கு 2026-ல் முறை வருகிறது.

இங்கேதான் வீட்டில் பஞ்சாயத்து. கொடுத்துவிடலாம் என்கிறார் அப்பா. முட்டி வலியோடு பாட்டி யார் கையையும் பிடிக்காமல் ஏறி இறங்குகிற ஒரே கார் இது என்பது என் கட்சி. ஆனால் அப்பாவின் கவலை பணம் இல்லை. பாலக்கரையில் எங்கள் மெக்கானிக் பாய்க்கு 70 வயது. சத்தத்தைக் கேட்டே கார்புரேட்டரை டியூன் செய்வார். அவர் பட்டறைப் பசங்களுக்கு லேப்டாப் மாட்டி ஸ்கேன் பண்ணத்தான் தெரியும்.

"பாய்க்கு அப்புறம் யாருடா?" என்றார் அப்பா. என்னிடம் பதில் இல்லை.

அதனால் பழைய கார் வாங்க ஆசைப்படும் மக்களே, காரைப் பார்க்கும் முன் மெக்கானிக்கைப் பாருங்கள். அவர் வயதையும் கேளுங்கள். ஆர்.சி. புதுப்பிக்க அப்பா ஒரு நிபந்தனையோடு சம்மதித்திருக்கிறார்: சனிக்கிழமைதோறும் நான் பாயிடம் வேலை கற்றுக்கொள்ள வேண்டும். மூன்று வாரம் ஆகிவிட்டது. இதுவரை ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பதவிதான் :)