நேராகக் கேளுங்கள்

உதவி எண்ணை அழைப்பவர் எடுத்த எடுப்பில் சாவைப் பற்றிப் பேசமாட்டார். "தூக்கமே வரல", "வீட்ல எல்லாருக்கும் நான் பாரமா இருக்கேன்", "காலைல எழுந்திரிக்காமலே போயிட்டா நல்லாருக்கும்" என்றுதான் பேச்சு வரும். அந்தக் கடைசி வார்த்தை விழுந்ததும் சுற்றி வளைக்காமல் கேட்டுவிட வேண்டும்: "தற்கொலை பண்ணிக்கலாம்னு தோணுதாம்மா?"

புதிதாக வரும் தன்னார்வலர்கள் இந்தக் கேள்விக்குத்தான் நடுங்குவார்கள். இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்ற பயம். கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. நான் கேட்டபோதெல்லாம் நடந்ததும் அதுதான். ஒரு பெருமூச்சு, பிறகு அழுகை, பிறகு "ஆமாங்க". மாதக்கணக்கில் யாரிடமும் சொல்ல முடியாதது வெளியே வந்துவிடும்.

அதைவிடக் கடினம், அறிவுரை சொல்லாமல் இருப்பது. நம் ஊரில் பாசம் என்றாலே புத்திமதிதான். "அப்பா அம்மாவ நினைச்சுப் பாத்தியா?" என்று சொல்ல நாக்கு துடிக்கும். அவர் ஏற்கெனவே அவர்களை நினைத்துத்தான் தன்னைப் பாரம் என்கிறார். நாம் குற்றவுணர்வைக் கூட்டுகிறோம். "லைன்லதான் இருக்கேன், மெதுவா சொல்லுங்க" என்பதே போதும்.

இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. 1953இல் லண்டனில் சமாரிட்டன்ஸ் அமைப்பைத் தொடங்கிய சாட் வாரா என்ற பாதிரியார், தன்னைப் பார்க்கக் காத்திருந்தவர்களில் பலர், தேநீர் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்த தொண்டர்களிடமே மனம் விட்டுப் பேசித் திரும்பிவிடுவதைக் கண்டார். சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய ஸ்நேகா அமைப்பும் தன்னார்வலர்களை நம்பியே நடக்கிறது.

பேச வைப்பதால் நேரம் கிடைக்கிறது. சாகத் துடிக்கும் வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும். அதுவரை ஆபத்தான பொருள் கைக்கெட்டாமல் இருக்க வேண்டும். கொடிய பூச்சிமருந்துகளை அடுத்தடுத்துத் தடைசெய்த இலங்கையில், 1995க்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் சுமார் 70 சதவீதம் குறைந்தது. எனவே அழைப்பவரிடம், "பக்கத்துல யாராவது இருக்காங்களா? அத அவங்ககிட்ட குடுத்துடறீங்களா?" என்றும் கேட்கிறோம்.

உங்கள் வீட்டில் யாராவது இப்படிப் பேசினால் தயங்காமல் கேளுங்கள். கேட்ட பிறகு தனியே விடாதீர்கள். உங்களுக்கே அந்த எண்ணம் இருந்தால் இப்போதே கூப்பிடுங்கள். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, தமிழக அரசின் உதவி எண் 104, இரண்டும் இரவு பகலாக இயங்குகின்றன. தமிழிலேயே பேசலாம்.