கீழடிக் கறுப்பு

கீழடியில் கிடைத்த கி.மு. 6ஆம் நூற்றாண்டுப் பானையோடுகளின் கரிய உட்பூச்சில் கார்பன் நானோகுழாய்கள் இருப்பதை வேலூர் வி.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020இல் 'சயின்டிபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். ராமன் நிறமாலையும் மின்னணு நுண்ணோக்கியும் காட்டிக்கொடுத்தவை அவை. ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் நானோமீட்டர். அந்த அளவில் மட்டுமே அளக்கக்கூடிய நுண்குழாய்கள்.

வகுப்பில் இதைச் சொன்னதும், "நம் முன்னோர் நானோ தொழில்நுட்பம் அறிந்தவர்களா ஐயா?" என்றான் ஒரு மாணவன். அவன் முகத்தில் இருந்த பெருமிதம் எனக்குச் சங்கடமாக இருந்தது. 17ஆம் நூற்றாண்டு டமாஸ்கஸ் வாளொன்றிலும் இக்குழாய்களை டிரெஸ்டன் ஆய்வாளர்கள் 2006இல் கண்டார்கள். அதை அடித்த கொல்லனுக்கும் அணு தெரியாது. உலையின் நிறம் தெரியும்.

ஏதோ தாவரச் சாற்றைப் பூசி, மிகுந்த வெப்பத்தில் சுட்டபோது குழாய்கள் தாமாக உருவாகியிருக்கலாம் என்று வேலூர் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனில் குயவரின் அறிவு சாற்றிலும் சூளையிலும் இருக்கிறது. 2,600 ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தும் பூச்சு உரியவில்லையே! அதற்கு நானோ என்று பட்டம் சூட்டினால்தான் மதிப்பு என்பது, என்னைக் கேட்டால், குயவருக்குச் செய்யும் அவமரியாதை.

கீழடி ஓடுகளில் ஆதன், குவிரன் என்று தமிழிப் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. பெரும்பாலும் அவை கலத்துக்கு உடையவர்களின் பெயர்கள் என்கிறார்கள்.