நின்று செல்லும் நீரூர்தி

அரபு மொழியில் 'ஹீலா' என்றொரு சொல் உண்டு. அதன் பன்மை 'ஹியல்'. மத்ரஸாவில் ஓதிய நம்மைப் போன்றோர்க்கு இச்சொல் முதன்முதலில் அறிமுகமாவது ஃபிக்ஹு நூல்களில்தான். சட்டத்தின் சொல்லுக்குள் நின்றுகொண்டே அதன் நோக்கத்தைத் தாண்டிச் செல்லும் தந்திரத்தை அங்கே அது குறிக்கும். அந்தப் பாடம் நடத்தும்போது உஸ்தாதுமார்களின் குரலில் சற்றே கண்டிப்பும் ஏறும். ஆயின் இதே சொல்லுக்கு வேறொரு வாழ்வும் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர் மூவர், விந்தைப் பொறிகளைப் பற்றித் தாம் எழுதிய நூலுக்குக் 'கிதாபுல் ஹியல்' என்றே பெயரிட்டனர். 1206-இல் தம் நூலை எழுதி முடித்த அல்ஜஸரீ, எதிரெதிரே கிடத்திய இரண்டு உருளைகளில் உந்துதண்டுகள் மாறி மாறி இயங்கி, குழாய்வழியே நீரை உறிஞ்சி மேலேற்றும் பம்பு ஒன்றை வரைந்து காட்டியிருக்கிறார். தந்திரமும் எந்திரமும் ஒரே சொல்லுக்குள் குடியிருப்பதில் வியப்பென்ன? தமிழிலும் 'பொறி' என்பது இயந்திரத்தையும் குறிக்கிறது. எலியைச் சிக்கவைக்கும் கூண்டையும் குறிக்கிறது.

இவற்றையெல்லாம் நாம் ஏட்டில் கண்டதுண்டே தவிர, நீரை உறிஞ்சி உமிழும் பொறியொன்று ஒரு மனிதனின் கையால் கழற்றப்பட்டு, துடைக்கப்பட்டு, மீண்டும் பூட்டப்படுவதை அருகிருந்து கண்டதில்லை. 2023-ஆம் ஆண்டு ஜூலை நடுவிலிருந்து அக்டோபர் வரை, அமெரிக்க நாட்டின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகரையடுத்த ஊரொன்றில் வாழும் நம் மருமகனின் இல்லத்தில் தங்க நேர்ந்தபோது அந்த வாய்ப்புக் கிட்டிற்று. மருமகன் என்றது நம் தமக்கையாரின் மகனை.

நாம் அங்கே சென்றது ஊர் பார்ப்பதற்காக அன்று. மருமகன் பதினொரு ஆண்டுகள் பணியாற்றிய நிறுவனம், அவ்வாண்டு மார்ச் மாதத்தில் அவனையும் அவனைப் போன்ற பலரையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மருமகள் மருத்துவக் கூடமொன்றில் வேலை செய்கிறாள், அடுப்பெரியக் குறைவில்லை. ஆனால் தமக்கையார் தொலைபேசியில் அழுதார். "தம்பி, இவன் வேலை தேடுகிற நேரம்போக மற்ற நேரமெல்லாம் கேரேஜில் கிடக்கிறான். 600 டாலர் கொடுத்து உடைந்த படகு ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு அதைச் சுரண்டிக்கொண்டிருக்கிறான். நீ உஸ்தாது, நாலு பிள்ளைகளுக்குப் புத்தி சொன்னவன். வந்து அவனுக்கும் சொல்" என்றார். மூத்தவர் சொல்லைத் தட்ட இயலுமா? விடுப்புப் பெற்றுப் புறப்பட்டோம்.

தமக்கையார் படகு என்றது முழுப் படகன்று. ஆள் நீளத்தைவிடச் சற்றே அதிகமான, மெலிந்த ஓடு. மூடியின் கீழ் எந்திரம். முன்முனையில் கீல் வைத்துப் பொருத்திய நீண்ட தண்டு. தண்டின் நுனியில் மிதிவண்டிக்கு உள்ளது போன்ற கைப்பிடி. இருக்கை கிடையாது. பின்புறமுள்ள தட்டில் கால் ஊன்றி நின்றுகொண்டே ஓட்ட வேண்டும். வண்டி நிற்கும்போது ஏறி நின்றால் அமிழ்ந்துவிடும். விரைந்தால்தான் நீர்மட்டத்திற்கு எழும். ஆகவே முதலில் முழங்காலிட்டு ஓட்டி, வேகம் பிடித்தபின் எழுந்து நிற்கிறார்கள். இதனை ஊரார் 'ஜெட் ஸ்கீ' என்கின்றனர். அது கவாசாகி நிறுவனத்தாரின் வணிகப்பெயர். நம்மூரில் நகல் எடுக்கும் கருவியெல்லாம் 'செராக்ஸ்' ஆனது போல், இதுவும் இனத்துக்கே பெயராகிவிட்டது.

இதனை எண்ணிப் பார்த்தவர் கிளேட்டன் ஜேக்கப்சன் என்பவர். மேடுபள்ளங்களில் மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டியவர். விழுந்தால் எலும்பு முறியாத இடம் வேண்டும் என்று அவர் தேடியதில் தண்ணீர் அகப்பட்டது. 1960-களின் நடுவில் அலுமினியத்தால் முதல் மாதிரியைத் தாமே செய்தார். கவாசாகி அதனை 1970-களின் முற்பகுதியில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. யமஹாவின் 'சூப்பர்ஜெட்' 1990-இல் வந்தது. அவ்வினம் 2021 முதல் நான்கு வீச்சு எந்திரத்துக்கு மாறிவிட்டது. நம் மருமகன் வாங்கியிருந்தது 1990-களில் வார்க்கப்பட்ட பழைய சூப்பர்ஜெட். 701 கன சென்டிமீட்டர் கொள்ளளவு, இரண்டு சிலிண்டர், இரண்டு வீச்சு. அதாவது பெட்ரோலிலேயே 50-க்கு 1 என எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டிய வகை. எந்திரம் துருவேறி இறுகிக் கிடந்தது.

நீரைப் பீய்ச்சிப் படகு செலுத்தும் இம்முறைக்கும் அம்மாநிலத்துக்கும் உறவுண்டு. நியூசிலாந்துக்காரர் வில்லியம் ஹாமில்டன், ஆழமற்ற ஆறுகளில் சுழலி தரையில் மோதாதிருக்க வேண்டி 1950-களில் இதனைச் செம்மைப்படுத்தினார். 1960-இல் அவருடைய படகுகள் கொலராடோ ஆற்றின் பெரும் பள்ளத்தாக்கில் நீரோட்டத்தை எதிர்த்து மேலேறின.

முதல் வாரம் நாம் வாய் திறக்கவில்லை. புத்தி சொல்லுமுன் சொல்லப்படுபவனின் நிலையைப் பார்ப்பது ஆசிரியத் தொழிலின் அரிச்சுவடி. பார்த்தோம். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்துவிடுகிறான். ஏனெனில் அக்கோடை சாமானியமானதன்று. ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை 31 நாட்கள் தொடர்ந்து பீனிக்ஸில் வெப்பம் 43 பாகைக்குக் குறையாமல் ஏறிற்று. அவ்வெப்பத்தில் பசையைக் கலந்தால் தூரிகையில் எடுப்பதற்குள் கிண்ணத்திலேயே கொதித்துக் கல்லாகிவிடும். ஆகவே இருட்டிலேயே வேலை. நாமும் தஹஜ்ஜுதுக்கு எழுபவர். தொழுதுவிட்டுக் கேரேஜ் பக்கம் சென்று ஒரு முக்காலியில் அமர்வோம். "மாமா, விளக்கைக் கொஞ்சம் இந்தப் பக்கம் பிடியுங்கள்" என்பான். பிடிப்போம்.

ஓட்டின் உட்புறத்தில் நுரைப்பஞ்சு நிரப்பியிருப்பார்கள். கவிழ்ந்தாலும் மூழ்காதிருக்க அது காப்பு. ஆனால் காலப்போக்கில் அது நீரைக் குடித்துவிடுகிறது. புதிதில் 130 கிலோவுக்குச் சற்று மேலிருக்கும் வண்டி, பார்வைக்கு ஒன்றும் தெரியாமலே கனத்துப்போகிறது. தட்டை அறுத்து அவன் அந்தப் பஞ்சைத் தோண்டித் தோண்டி எடுத்ததும், பிழிந்தால் சொட்டியதும் இன்னும் நம் கண்முன் நிற்கின்றன. முப்பதாண்டு நீர்! அதன்பின் அவ்வறையைக் காற்றாடி வைத்துப் பல நாட்கள் உலர்த்தினான். அறுத்த தட்டை அப்படியே திரும்ப வைக்காமல், தன் கால் அளவுக்கு ஏற்ப அகலப்படுத்தி, திருப்பத்தில் பாதம் வழுக்காதபடி இருபுறமும் கால்பிடிக் குழிவு அமைத்து, கண்ணாடியிழைத் துணியை எபாக்சிப் பசையில் தோய்த்து அடுக்கடுக்காகப் படிய வைத்தான். தொழிற்சாலையில் சூடான அச்சில் அழுத்தி வார்த்த அவ்வோட்டில் மலிவான பாலியெஸ்டர்ப் பசை சரியாகப் பிடிக்காதாம். எபாக்சியே ஆனாலும், பளபளப்பு முழுதும் போக உப்புத்தாளால் தேய்த்த பின்னரே ஒட்டுமாம். பின்புறத்தில் பொறித்த 12 எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளக் குறியைமட்டும் தேய்க்காமல் நாடா ஒட்டிக் காத்தான். அது அழிந்தால் அரசுப் பதிவுக்கு வழியில்லை.

காயல்பட்டினத்தில் நாம் சிறுவராயிருந்த காலத்தில், தோணிகளைக் கரையேற்றிப் பலகை இடுக்குகளில் பருத்தித் திரியைத் திணித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவதைப் பார்த்திருக்கிறோம். அதற்குக் கலப்பத்து என்று பெயர். அரபியில் 'கல்ஃபத்த' என்னும் வினைக்கு இதுவே பொருள். போர்த்துக்கீசியரிடமும் இதே சொல் உண்டு. கடலோடிகள் எவரிடமிருந்து எவர் பெற்றனரோ, இடுக்கை அடைக்கும் தொழிலுக்கு அத்தனை கரைகளிலும் ஏறக்குறைய ஒரே ஓசை. இதை மருமகனிடம் கூறினோம். கையை நிறுத்திக் கேட்டான். "அப்படியென்றால் நான் கலப்பத்துக்காரன், மாமா" என்றான். வந்த நாள்முதல் அன்றுதான் அவன் சிரித்ததைக் கண்டோம்.

எந்திரம் தனிக்கதை. பழைய பொருள் விற்பவரிடம் செத்த எந்திரம் இன்னொன்றை வாங்கி, இரண்டின் நல்ல உறுப்புகளைச் சேர்த்து ஒன்றாக்கினான். அதற்குப் பணம், தன் மோட்டார் சைக்கிளை விற்றதில் வந்தது. வீட்டுச் செலவில் ஒரு காசும் எடுப்பதில்லை என்று மருமகளிடம் முதல் நாளே வாக்குக் கொடுத்திருந்தான். உறுப்புகளைப் பூட்டிய பின்னர்தான் கடினமான பணி தொடங்கிற்று. எந்திரத்தின் அச்சும் பம்பை நோக்கிச் செல்லும் தண்டும் ஒரே நேர்கோட்டில் அமைய வேண்டும். மயிரிழை பிசகினாலும் இடையிலுள்ள ரப்பர் இணைப்பு அரைபட்டுத் தூளாகும். எந்திரத்தின் கால்களின் கீழ் மெல்லிய தகடுகளை ஒன்று வைத்தும் ஒன்று எடுத்தும், நேர்விளிம்புக் கோலைச் சுற்றிலும் வைத்துப் பார்த்தும், நான்கு இரவுகள் அதிலேயே போயின. எழுத்தின் மக்ரஜ் சரியாக வருமட்டும் ஒரே எழுத்தை நூறு முறை சொல்லவைக்கும் நமக்கு அந்தப் பொறுமை அந்நியமாகப் படவில்லை.

பம்பு 144 மில்லிமீட்டர் விட்டமுடையது. அடிப்புறத்துக் கம்பிச் சல்லடை வழியே நீர் உள்ளேறுகிறது. துருப்பிடிக்கா எஃகினாலான சுழலி அதை விரைவாக்கிப் பின்னே தள்ளுகிறது. சுழன்று வரும் நீரை நிலைத்த இதழ்கள் நேராக்குகின்றன. பிறகு குறுகும் குழாய்முனை. தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் நீர் எப்படிச் சீறுமோ அப்படி. சுழலியின் விளிம்புக்கும் சுற்றியுள்ள வளையத்துக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரினும் குறைவு. மணல் அரித்து அது அகன்றால் எந்திரம் கத்தும், வண்டி நகராது. பம்பில் அடிக்கும் நீரின் ஒரு சிறு பங்குதான் எந்திரத்தையும் குளிர்விக்கிறது. ஆதலால் தரையில் வைத்துச் சில நொடிகளுக்குமேல் ஓட்டலாகாது. குழாய் மாட்டிச் சோதிக்கும்போது முதலில் எந்திரத்தை இயக்கி, பிறகே நீரைத் திறக்க வேண்டும். நிறுத்தும்போது முதலில் நீரை அடைத்து, பிறகே எந்திரத்தை நிறுத்த வேண்டும். முறை மாறினால் நீர் புகைவழியே ஏறி சிலிண்டரில் நிறையும். தர்த்தீபு என்று நாம் சொல்வது இங்கே இரும்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

செப்டம்பரில் ஒரு நாள், மூன்று நேர்முகத் தேர்வுகள் வரை அழைத்த நிறுவனமொன்றிடமிருந்து பதில் வந்தது. இல்லை என்றது. அவன் அதை இருமுறை படித்தான். கைப்பேசியைப் பைக்குள் போட்டான். சிறிது நேரம் சுவரைப் பார்த்திருந்தான். பின், கார்புரேட்டரின் ஊசியைக் கால் திருகு திருப்பினான். அன்றிரவு தமக்கையார் நம்மைச் சமையலறையில் மறித்து, "என்ன சொன்னாய் அவனிடம்? வந்து இரண்டு மாதமாகிறதே" என்று கேட்டார். நாம் விடை கூறுமுன் மருமகள் குறுக்கிட்டாள். மரியாதையான பெண், பெரியவர்கள் பேச்சில் நுழைபவள் அல்லள். "மாமி, மார்ச்சிலிருந்து ஜூன் வரைக்கும் அவர் இரவில் தூங்கவே இல்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். இந்த வண்டி வந்தபிறகு தூங்குகிறார். அதை எடுத்துவிடாதீர்கள்" என்றாள். தமக்கையார் அதற்குப்பின் அதுபற்றி நம்மிடம் பேசவில்லை. மறுநாள் விடியற்காலையில் கேரேஜுக்கு இரண்டு கோப்பைத் தேநீர் வந்தது. அதுவரை ஒன்றுதான் வரும், அது நமக்கு.

பொழுதுபோக்கு வண்டிக்கு இத்தனை பாடா, இது இஸ்ராஃபு அல்லவா என்று நேயர்களுள் சிலர் கேட்கக்கூடும். பல்லாயிரம் டாலர் கொடுத்துப் புதியது வாங்கி, இரண்டு ஞாயிறு ஓட்டிவிட்டு மூடிவைப்போரைப் பற்றியதாயின் நாமும் உடன்படுவோம். குப்பைக்குப் போகவிருந்த ஓட்டை எடுத்துப் பயன்படுத்துபவனிடம் அச்சொல்லை வீச நமக்கு நா எழவில்லை. நம் அச்சம் வேறு, அது உயிரச்சம். இவ்வண்டிக்குத் தடை கிடையாது. அதனினும் கொடியது, விசையை விட்டால் திருப்பமும் கிடையாது; பீய்ச்சும் நீர்தான் சுக்கான். மோதப்போகிறோம் என்று பயந்து விசையைக் கைவிடுபவன், திரும்ப முடியாமல் நேரே சென்று மோதுகிறான். மூடியைத் திறந்து பெட்ரோல் ஆவி போகவிடாமல் இயக்கினால் தீப்பற்றும் அபாயமும் உண்டு. அம்மாநிலச் சட்டம் ஓட்டுபவர் மிதவைச் சட்டை அணிய வேண்டும் என்கிறது. விழுந்தவுடன் எந்திரத்தை நிறுத்தும் கயிற்றை உடம்போடு பிணைக்க வேண்டும் என்கிறது. நாம் அவனிடம் சொன்ன ஒரே புத்தி அந்தக் கயிற்றைப் பற்றியதுதான். மணிக்கட்டில் கட்டிக்காட்டச் சொன்னோம், இழுத்துப் பார்த்தோம்.

அக்டோபர் முதல் வாரத்தில் நகருக்கு வடமேற்கேயுள்ள பிளசண்ட் ஏரிக்கு வண்டியை இழுத்துச் சென்றோம். தமக்கையாரும் வந்தார், தண்ணீரைப் பார்க்காமல் மலையைப் பார்த்தபடி நின்றார். மூன்றாம் முயற்சியில் எந்திரம் பிடித்தது. முழங்காலிட்டுச் சென்றான், எழுந்தான், விழுந்தான். கயிறு இழுபட, எந்திரம் அந்நொடியே ஓய்ந்தது. மீண்டும் ஏறினான், மீண்டும் விழுந்தான். நான்காம் முறை நின்றான். நின்றவன் ஏரியின் நடுவரை சென்று, வெண்ணுரை வளைவொன்றை இழுத்துத் திரும்பி, கரையிலிருந்த எங்களைக் கடந்து போனான். தமக்கையார் எப்போது திரும்பினாரோ தெரியாது. "தம்பி, நிற்கிறான் பார், நிற்கிறான்" என்று நம் கையைப் பற்றிக்கொண்டார்.

கரையேற்றி மூடியைத் திறந்தபோது உள்ளே இரண்டு கோப்பை அளவு நீர் இருந்தது. எங்கிருந்து வந்தது என்று விரலால் தடவிக்கொண்டே போனவன், தண்டு நுழையும் இடத்து முத்திரை வளையத்தில் நிறுத்தினான். வீடு திரும்பியதும் ஈரம் காயுமுன்னே வண்டியைத் தாங்குமேடையில் கவிழ்த்துப் பம்பைக் கழற்றத் தொடங்கிவிட்டான். அம்மாதக் கடைசியில் நாம் ஊர் திரும்பியபோது புதிய வளையம் தபாலில் வந்து சேர்ந்திருந்தது; வேலைக்கான மற்றொரு நேர்முகத் தேர்வு அடுத்த செவ்வாயன்று இருந்தது.