முகம் தெரியாத மலக் கொடையாளர்களுக்கு

அன்புள்ள கொடையாளர்களே,

ரத்தம் கொடுத்தவரைப் படமெடுத்துப் போடுகிறோம். கண்தானம் செய்தவரின் வீட்டாரை மேடையேற்றிப் பாராட்டுகிறோம். நீங்கள் கொடுத்ததையோ சாப்பாட்டு நேரத்தில் பேசக்கூட முடியாது. அதனால்தான் இந்த நன்றியை ஊரறியச் சொல்கிறேன்: உங்கள் மலம் உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

வேறேதோ நோய்க்கு ஆன்டிபயாடிக் சாப்பிடுபவரின் குடலில் நல்ல பாக்டீரியாக்களும் சேர்ந்தே அழிகின்றன. அவை இருந்தவரை பித்த அமிலங்களை உருமாற்றி, சி. டிஃபிசில் என்ற கிருமியைத் தலைதூக்க விடாமல் வைத்திருந்தன. அவை போனதும் அந்தக் கிருமி பெருகி நஞ்சைச் சுரக்கிறது. ஓயாத வயிற்றுப்போக்கு, காய்ச்சல், பெருங்குடல் அழற்சி. மருந்து கொடுத்தால் அடங்கும். நிறுத்தினால் சிலருக்குத் திரும்பத் திரும்ப வரும். அமெரிக்காவில் 2011-இல் மட்டும் இந்தத் தொற்று கண்டவர்களில் சுமார் 29,000 பேர் ஒரு மாதத்துக்குள் இறந்தார்கள்.

அழிந்த நல்ல பாக்டீரியாக்களை மீண்டும் குடியேற்றத்தான் உங்கள் மலம் தேவைப்பட்டது. உங்களில் மூத்தவர்களின் பெயர் எனக்குத் தெரியாது. 1958-இல் டென்வரில் பென் ஐஸ்மன் என்ற அறுவை மருத்துவரும் அவருடைய சகாக்களும், கடுமையான குடல் அழற்சியால் சாகக் கிடந்த நான்கு பேருக்கு ஆரோக்கியமானவர்களின் மலத்தை எனிமாவாகச் செலுத்தினார்கள். நால்வரும் பிழைத்தார்கள். ஆனாலும் முறையான ஒப்பீட்டு ஆய்வின் முடிவு வர 2013 ஆகிவிட்டது. ஆம்ஸ்டர்டாமில், கொடையாளரின் மலக் கரைசலை மூக்குவழிக் குழாயில் சிறுகுடலுக்குச் செலுத்தியபோது, சி. டிஃபிசில் தொற்று திரும்பத் திரும்ப வந்த 16 பேரில் 13 பேர் முதல் தடவையிலேயே குணமானார்கள். மிச்சமிருந்த மூவருக்கு வேறொரு கொடையாளரிடமிருந்து வாங்கிக் கொடுத்ததில் இன்னும் இருவர் தேறினார்கள். வேன்கோமைசின் மருந்து மட்டும் பெற்ற 13 பேரில் குணமானவர்கள் நால்வர்தான். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

கொடுப்பதும் லேசான காரியமல்ல. மாசசூசெட்ஸில் 2012-இல் தொடங்கிய ஓபன்பயோம் என்ற மல வங்கியில், முன்வந்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேர்கூடத் தேறவில்லை. சாப்பாடு, பயணம், அந்தரங்க வாழ்க்கை என்று எல்லாவற்றையும் கேட்டார்கள். ரத்தத்தையும் மலத்தையும் சோதித்தார்கள். இத்தனைக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொன்ன உங்களுக்கு நன்றி. வந்து பார்த்துத் தேறாமல் திரும்பியவர்களுக்கும் அதே நன்றி. அந்தச் சல்லடை எதற்கு என்பதை 2019 காட்டியது: மருந்துக்கு அடங்காத ஈ. கோலை பாக்டீரியா இருக்கிறதா என்று சோதிக்காத மலத்தைப் பெற்ற இருவருக்குக் கடும் தொற்று கண்டது, ஒருவர் இறந்தார். வீட்டிலேயே செய்துபார்க்கலாம் என்று எண்ணுபவர்கள் இதை மறக்கக் கூடாது.

இன்று உங்கள் கொடை மருந்துச் சீட்டில் ஏறிவிட்டது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-இல் ரெபையோட்டா என்ற மருந்தையும், 2023-இல் வாயால் விழுங்கும் வவ்ஸ்ட் மாத்திரையையும் அனுமதித்தது. இரண்டுக்கும் மூலப்பொருள் நீங்கள் தந்ததுதான். வவ்ஸ்ட் என்றால் நாளுக்கு நான்கு வீதம் மூன்று நாள்; அவ்வளவுதான். குடல் அழற்சி நோய்கள், உடற்பருமன் என்று மற்றவற்றுக்கும் ஆய்வுகள் நடக்கின்றன. ஆனால் சி. டிஃபிசிலில் கிடைத்த வெற்றியைக் காட்டி அங்கெல்லாம் வாக்குறுதி தருவது சரியல்ல. செய்ததற்கு நன்றி சொல்ல, செய்யாததையும் உங்கள் கணக்கில் ஏற்ற வேண்டியதில்லை.

தேர்ந்தெடுத்த சில பாக்டீரியா இனங்களை மட்டும் ஆய்வகத்தில் வளர்த்துத் தரும் மாத்திரைகளும் இப்போது சோதனையில் இருக்கின்றன. அவை வென்றால் இனி யாரும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மல வங்கிக்குப் போக வேண்டியிருக்காது. எந்த இனங்களை வளர்ப்பது என்று தேட வழிகாட்டியதும் உங்களைப் போன்றோரின் குடல்தான். ஆகவே, உங்கள் வேலை ஒருநாள் தேவையற்றுப் போகுமானால், அதற்கும் சேர்த்தே இந்த நன்றி.

உங்கள் பெயரறியாமலே கடன்பட்டிருக்கும்,
ஒரு தமிழ் வாசகன்