அணைத்த பின்னும் உயிரோடிருக்கும் கம்பி

வெளியூர் செல்வோர் அவ்வூரின் தண்ணீரைப் பற்றி விசாரிப்பார்கள்; உணவைப் பற்றி விசாரிப்பார்கள்; குளிர் எப்படி, வெயில் எப்படி என்றும் கேட்டறிவார்கள். மின்சாரத்தைப் பற்றி விசாரிப்பவர் மிகச் சிலரே. ஆளியைப் போட்டால் விளக்கு எரிகின்றது, அதற்கு மேல் என்ன இருக்கின்றது என்று இருந்துவிடுகின்றோம். ஆனால், வீட்டையே வாகனத்தின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு நாடு விட்டு நாடு போகின்றவர்களுக்கு அது போதாது.

2023 ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில், இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் வாழும் என் தங்கையின் குடும்பத்தாரோடு பிரான்ஸ் நாட்டின் லுவார் நதிப் பிரதேசத்துக்குச் சென்று ஒரு வாரம் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அங்குள்ள கோட்டைகளையும் திராட்சைத் தோட்டங்களையும் பற்றி எழுதுவோர் நிறையப் பேர் இருக்கின்றார்கள். அங்கே என் தங்கையின் சிறிய சமையலறையில் நான் கண்ட ஒரு விடயத்தைப் பற்றியே சகோதரிகளுக்கு எழுத விரும்புகின்றேன். சமையலறையில் நிற்கும் எந்தப் பெண்ணுக்கும் அது பயன்படும்.

நகரும் வீடு

கரவன் என்பது காரின் பின்னால் கொளுவி இழுத்துச் செல்லும் ஒரு சிறு வீடு. கட்டில், அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கழுவும் தொட்டி, கழிப்பறை எல்லாம் அதற்குள் அடக்கம். ஹோட்டலில் தங்கினால் ஹலாலான உணவைத் தேடி அலைய வேண்டும். கரவனில் சென்றால் நாமே சமைத்துக்கொள்ளலாம் என்பது தங்கையின் கணக்கு. சமைக்கும் பொருட்கள் கெடாதிருக்கக் குளிர்சாதனப் பெட்டி ஓட வேண்டும்.

டோவர் துறைமுகத்தில் காரும் கரவனும் கப்பலில் ஏறின. சுமார் ஒன்றரை மணித்தியாலத்தில் பிரான்ஸின் கலே துறைமுகம் வந்துவிட்டது. கப்பலை விட்டு இறங்கியதும் எல்லாமே மறுபக்கமாகி விடுகின்றது. வாகனங்கள் பாதையின் வலது புறத்தால் ஓடுகின்றன. ஆங்கிலேயக் கரவனின் கதவு இடது புறத்தில் இருப்பதால், அங்கே அது பாதையோரத்துக்கல்லாமல் வாகனங்கள் ஓடும் பக்கத்துக்குத் திறக்கின்றது. வழியில் நிறுத்தினால் பிள்ளைகளை இறங்க விடாமல் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். இவை கண்ணுக்குத் தெரிகின்ற மாற்றங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு மாற்றம் சுவருக்குள் ஓடும் கம்பியில் இருக்கின்றது.

மூன்று சிறு விளக்குகள்

ஓர்லியோன் நகருக்கும் தூர் நகருக்கும் இடைப்பட்ட பகுதியில், நதிக்கரையோரமாக அமைந்த ஒரு சிறிய தங்குமிடத்தில் எங்களுக்கு இடம் கிடைத்தது. லுவார் நதி சுமார் 1000 கி.மீ. நீளமுடையது; பிரான்ஸின் மிக நீண்ட நதி. கோடையில் நீர் வற்றி, நடுவிலே வெண்மணல் திட்டுகள் தெரிகின்றன. பொப்ளர் மரங்களின் கீழே வரிசையாகக் கரவன்கள். சில இடங்களுக்கு ஒன்றாக மின்கம்பப் பெட்டி நடப்பட்டிருந்தது. அதிலிருந்து நீண்ட வயர் ஒன்றின் மூலம் கரவனுக்கு மின்சாரம் எடுக்க வேண்டும்.

மச்சான் வயரை முழுவதுமாக அவிழ்த்துத் தரையில் விரித்தார். சுருட்டியபடியே வைத்துக் கூடிய மின்சாரத்தை எடுத்தால் வயர் சூடேறி உருகிவிடும் என்றார். பிறகு, கரவனின் பிரதான ஆளியை அணைத்துவிட்டு, வயரின் ஒரு முனையை முதலில் கரவனில் செருகினார். அதன் பின்னரே மறு முனையைக் கம்பத்தில் செருகினார். கழற்றும்போது இதற்கு நேர்மாறு: முதலில் கம்பம், பிறகு கரவன். இந்த ஒழுங்கைப் பின்பற்றினால், உயிருள்ள வயரின் முனை எவர் கையிலும் இருக்காது.

நான் தேநீருக்காகக் கேத்தலை எடுத்து வைத்தேன். “நாநா, கொஞ்சம் பொறுங்க, இன்னும் பார்க்கல்ல” என்று தங்கை தடுத்தாள். பன்னிரண்டு வயது மருமகள், பிளக் போன்ற ஒரு சிறிய கருவியைக் கொண்டுவந்து சுவரிலுள்ள பிளக் பொயின்ட்டில் செருகினாள். அதன் முகப்பில் மூன்று சிறு விளக்குகள். அவை எரியும் ஒழுங்கைப் பார்த்து, பக்கத்தில் அச்சிடப்பட்டுள்ள அட்டவணையோடு ஒப்பிட்டால், கம்பிகள் சரியாக உள்ளனவா என்று தெரியும். “மாமா, இங்க கரன்ட் மாறி வருது” என்றாள் மருமகள்.

அந்நேரத்தில் குளிர்சாதனப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. கரவனுக்குள் எல்லாம் ஒழுங்காகவே வேலை செய்தது. இந்தக் கோளாறின் அபாயமே அதுதான். எதுவும் பழுதானது போல் தெரியாது.

நீர்க்குழாயை நினைத்துப் பாருங்கள்

வீட்டு மின்சாரத்தில் மூன்று கம்பிகள் உண்டு. மின்சாரத்தைக் கொண்டுவருவது உயிர்க்கம்பி. அதன் நிறம் கபிலம். திரும்பிச் செல்ல வழி கொடுப்பது நொதுமற் கம்பி, அது நீலம். பச்சையும் மஞ்சளும் கலந்தது புவிக்கம்பி. ஏதேனும் தவறு நேர்ந்தால் மின்சாரத்தை நிலத்துக்கு இறக்கி நம்மைக் காப்பது அதுவே.

கூரையிலுள்ள தண்ணீர்த் தாங்கியிலிருந்து ஒரு குழாய் குசினிக்கு வருகின்றது என்று வைத்துக்கொள்வோம். தாங்கிக்குப் பக்கத்தில் அதைப் பூட்டினால், குசினிக்கு வரும் குழாய் வெறுமையாகிவிடும். எங்கே வெட்டினாலும் தண்ணீர் வராது. அந்தப் பூட்டையே குழாயின் கடைசி நுனியில் வைத்தால்? அப்போதும் தண்ணீர் வெளியே ஓடாது. ஆனால், குழாய் முழுவதும் தண்ணீர் நிரம்பி நிற்கும். நடுவிலே ஒரு துளை போட்டால் பீறிட்டு அடிக்கும்.

ஆளியும் இப்படித்தான். அது உயிர்க்கம்பியை வெட்டினால், அதற்கப்பால் உள்ள கருவி செத்துவிடும். உயிர்க்கம்பியும் நொதுமற் கம்பியும் இடம் மாறியிருந்தால், ஆளி வெட்டுவது நொதுமலை மட்டுமே. கருவி நின்றுவிடும், விளக்கு அணைந்துவிடும். ஆனால், உள்ளே உயிர் நிரம்பி நிற்கும்.

டோஸ்டரில் ஒரு பாண் துண்டு சிக்கிக்கொள்கின்றது. ஆளியை அணைத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் ஒரு தாய் கத்தியை விட்டுக் கிளறுகின்றாள். கம்பிகள் மாறியிருந்தால், அக்கத்தி தொடுவது உயிருள்ள கம்பியை. மேசை விளக்கின் குமிழைக் கழற்றும் விரலுக்கும் இதே கதிதான். பிளக்கினுள்ளே இருக்கும் பியூஸும் அப்படியே. அது எரிந்து கருவி நின்ற பிறகும் கருவிக்குள் மின்சாரம் காத்திருக்கும்.

ட்ரிப் சுவிட்ச் இருக்கின்றதே என்று சிலர் கேட்கலாம். அது நல்ல காவலன்தான். கம்பிகள் மாறியிருந்தாலும் அது வேலை செய்யும். ஆனால், 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் வழிதவறி நிலத்துக்குப் போனால்தான் அது விழும். உயிர்க்கம்பியையும் நொதுமலையும் ஒருவர் ஒரே நேரத்தில் தொட்டால், அவரையும் ஒரு கருவி என்றே அது எண்ணிக்கொள்ளும்.

அயலவருக்கு ஏன் கவலையில்லை?

பக்கத்துக் கரவனில் ஓர் ஒல்லாந்துத் தம்பதியர் தங்கியிருந்தனர். அதே கம்பத்திலிருந்துதான் அவர்களும் மின்சாரம் எடுத்தார்கள். அவர்கள் இதைப் பற்றிக் கவலைப்படவேயில்லை. அவர்களது அலட்சியம் அல்ல அது. அவர்களது முறை வேறு. ஒல்லாந்து, ஜேர்மனி, ஸ்பெயின் முதலிய நாடுகளின் இரண்டு முனைப் பிளக்கை எந்தப் பக்கமாகவும் திருப்பிச் செருகலாம். எனவே, எந்தக் கம்பி எதுவென்று அங்கு நம்ப முடியாது. அதை முன்னரே எதிர்பார்த்து, இரண்டு கம்பிகளையும் சேர்த்து வெட்டும் பாதுகாப்பு ஆளிகளை வைக்கின்றார்கள். பிரெஞ்சுப் பிளக்கை அப்படித் திருப்ப முடியாது. ஆயினும் எல்லா மின்கம்பங்களிலும் கம்பிகள் ஒரே ஒழுங்கில் இணைக்கப்பட்டிருப்பதில்லை.

ஆங்கிலேயரின் 13 ஆம்பியர் பிளக்கோ ஒரே பக்கமாகத்தான் நுழையும். அதை நம்பியே அவர்களது பியூஸும் ஆளியும் பெரும்பாலும் ஒரு கம்பியில் மட்டும் வைக்கப்பட்டன. அந்தப் பிளக்கின் பின்னால் ஒரு பெண்மணியின் உழைப்பும் உண்டு. 1942 இல் பிரித்தானிய வீடுகளின் மின் அமைப்பை ஆராய 20 பேர் கொண்ட ஒரு குழு அமைக்கப்பட்டது. அதிலிருந்த ஒரே பெண் கரோலின் ஹாஸ்லட். 1924 இல் தொடங்கிய, மின்சாரத்துக்கான பெண்கள் சங்கத்தை நடத்தி வந்தவர் அவர். சிறு பிள்ளைகள் துவாரங்களில் எதையும் செருகிவிடாதபடி பாதுகாப்பு வேண்டும் என்று வலியுறுத்தினார். 1947 இல் அந்தப் பிளக் பிரித்தானிய நியமமானது. மேல் முனை நீளமாக இருப்பதற்கு ஒரு காரணம் இது: அது முதலில் நுழைந்து உள்ளேயுள்ள சிறு கதவைத் திறந்தாலன்றி, கீழுள்ள இரண்டு துவாரங்களும் திறவா.

ஒரு முழ வயர்

பரிகாரம் மிக எளிதாக இருந்தது. மச்சான் ஒரு முழ நீளமுள்ள வயர் ஒன்றை எடுத்தார். அதன் இரு பக்கமும் சிவப்பு நாடா சுற்றியிருந்தது. உள்ளே உயிர்க்கம்பியும் நொதுமலும் வேண்டுமென்றே இடம் மாற்றி இணைக்கப்பட்டிருந்தன. புவிக்கம்பி மட்டும் நேராகவே சென்றது. தகுதியுள்ள மின் தொழிலாளர் ஒருவரைக் கொண்டு செய்வித்தது அது. கரவனின் பிரதான ஆளியை அணைத்து, கம்பத்திலிருந்து வயரைக் கழற்றி, இடையில் இந்தத் துண்டைச் செருகி, மீண்டும் இணைத்தார். மாறியது மறுபடி மாறினால் சரியாகிவிடும் அல்லவா? மருமகள் மீண்டும் சோதித்தாள். விளக்குகள் சரியென்று காட்டின. அதன் பிறகே கேத்தல் அடுக்களைக்கு வந்தது.

கேத்தலும் சாதாரணக் கேத்தல் அல்ல. அத்தளத்தில் எங்களுக்குக் கிடைத்தது 6 ஆம்பியர் மட்டுமே. 230 வோல்ட்டில் அது 1380 வோட். ஆங்கிலேய வீட்டுக் கேத்தல் 3000 வோட் வரை இழுக்கும். போட்டால் கம்பத்தின் ஆளி விழுந்துவிடும். எனவே தங்கை 900 வோட் கேத்தலைக் கொண்டுவந்திருந்தாள். சுபஹுக்கு எழும்பினால் தேநீர் கொதிக்கச் சற்று நேரம் பிடித்தது. அந்த நேரத்தில் நதியின் மேல் பனிப்புகை விலகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இப்படிப் பயணம் செய்யும் குடும்பங்கள் மனதில் வைக்க வேண்டியவை சில உண்டு. ஒவ்வொரு புதிய இடத்திலும் சோதிக்க வேண்டும். நேற்றைய தளத்தில் போட்ட மாற்று வயரை மறந்து இன்றைய தளத்திலும் போட்டால், சரியான மின்சாரம் தவறாகிவிடும்; சிவப்பு நாடா சுற்றியிருந்தது அந்த மறதிக்காகத்தான். புவிக்கம்பி இல்லையென்று கருவி காட்டினால், அந்த இணைப்பைப் பாவிக்கவே கூடாது. வேறு கம்பம் கேட்க வேண்டும். கம்பப் பெட்டியைத் திறந்து திருத்த முற்படவும் கூடாது. அது பொறுப்பாளரின் வேலை. அந்தச் சிறு கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. நொதுமலும் புவிக்கம்பியும் தமக்குள் மாறியிருந்தால் அதனால் கண்டுபிடிக்க முடியாது.

மாற்று வயர் கையில் இல்லாவிட்டால் என்ன செய்வது? ஆளியை நம்பாமல் பிளக்கையே கழற்றிவிட வேண்டும். கழற்றிய கருவிக்குள் மின்சாரம் வர வழியில்லை. புதிய கரவன்களில் இரு கம்பிகளையும் வெட்டும் ஆளிகள் உள்ளன, பழையவற்றில் இல்லாமலிருக்கலாம். தன் கரவனில் இருப்பது எது என்பதைப் புறப்படுமுன் அறிந்துகொள்வது நல்லது.

நமது வீட்டுச் சுவரில்

கரவனில் ஐரோப்பா போவோர் நம்மில் மிகச் சிலரே. ஆனால், அந்த 13 ஆம்பியர் பிளக் பொயின்ட் நமது வீடுகளிலும் இருக்கின்றது. தகுதியற்ற ஒருவர் அவசரமாக வயர் இழுத்த வீட்டில், கம்பிகள் இடம் மாறியிருக்கலாம். எல்லாம் எரியும், எல்லாம் ஓடும். யாருக்கும் தெரியாது. வீடு கட்டும்போதோ, புதிய பிளக் பொயின்ட் போடும்போதோ, “உயிர்க்கம்பி ஆளிக்குத்தானே போகின்றது? சோதித்துக் காட்டுங்கள்” என்று கேட்பது வீட்டுக்காரியின் உரிமை.

இன்னொரு பழக்கத்தையும் பல வீடுகளில் காண்கின்றோம். இரண்டு முனைப் பிளக்கைச் செருகுவதற்காக, மேல் துவாரத்தில் பேனையையோ ஈர்க்குக் குச்சியையோ திணிக்கின்றோம். பிள்ளைகளின் விரலைக் காக்க வைத்த கதவை, பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கவே நாம் திறந்து காட்டுகின்றோம். அதற்குரிய அடெப்டர் கடைகளில் கிடைக்கின்றது, அதை வாங்கிவிடுவோம்.

குமிழ் மாற்றுவதாயின் பிரதான ஆளியை அணையுங்கள். டோஸ்டரில் கை வைப்பதாயின், அயனைத் துடைப்பதாயின், முதலில் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். ஒரு கருவி நின்றுவிட்டது என்பதும், அதில் மின்சாரம் இல்லை என்பதும் ஒன்றல்ல.