பாடம் எடுக்காத வாத்தியார்

தானாக ஒரு மொழியைப் படிக்கும் ஒருவர் காசு கொடுத்து அமர்த்திக்கொள்ளும் வழிகாட்டி வேறு, ரியூசன் மாஸ்டர் வேறு. மாஸ்டர் பாடம் நடத்துவார். வழிகாட்டியோ, படிப்பவர் அந்தக் கிழமை என்ன செய்தார் என்று கேட்பார். பேசவிட்டுப் பிழை திருத்துவார். எதைத் தொடரலாம், எதைக் கைவிடலாம் என்று சொல்லி அனுப்புவார். புத்தகத்தைத் திறப்பதும் சொல்லை மனத்தில் ஏற்றுவதும் படிப்பவரின் பாடு. பிரான்சின் நான்சி நகரப் பல்கலைக்கழகத்தில் 1970களிலேயே இப்படிப்பட்ட ஆலோசகர்கள் இருந்தார்கள். கற்பவர் தன் கற்றலின் பொறுப்பைத் தானே ஏற்கும் ஆற்றலைப் பற்றி அங்கிருந்த ஆன்ரி ஒலெக் எழுதிய நூல் 1979இல் ஐரோப்பிய மன்றத்தின் வெளியீடாக வந்தது.

இப்படியொரு வழிகாட்டி தேவைப்படும் ஊர் ஒன்று, திருகோணமலையிலிருந்து புல்மோட்டை வீதியில் நிலாவெளியைக் கடந்தால் வரும் இறக்கக்கண்டி. களப்பு கடலைச் சந்திக்கும் இடத்தில் பாலம். தமிழ் பேசும் தமிழரும் முஸ்லிம்களும் வாழும் கரை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் புறாமலைத் தீவுக்குப் போகிறவர்களால் இந்தப் பகுதி நிறைந்துவிடும். தெற்கிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறவர்கள் சிங்களம் பேசுகிறார்கள், வெளிநாட்டார் ஆங்கிலம். ஆகவே காதில் விழும் மொழிக்கு இங்கே பஞ்சமில்லை. போனில் பாடங்கள், தொலைக்காட்சியில் சிங்கள நாடகங்கள் என்று கேட்பதற்கும் நிறையவே உண்டு. கிடைக்காதது ஒன்றுதான்: நின்று கேட்டு, "அப்படி இல்லை, இப்படி" என்று சொல்லும் ஒரு காது. படகில் ஏறிய பயணி பிழையான சிங்களத்தையும் விளங்கிக்கொண்டு போய்விடுவார். அந்தப் பிழை அடுத்த வருடமும் அப்படியே இருக்கும்.

வகுப்புக்குப் போனால் போதாதா என்று கேட்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிலையம், ஆங்கிலம் பேசுவோர் சிங்களத்திலோ தமிழிலோ தொழிலுக்கு வேண்டிய தேர்ச்சி பெற ஏறத்தாழ 1,100 வகுப்பு மணித்தியாலங்கள் தேவை என்று வகுத்திருக்கிறது. கிழமைக்கு ஒரு மணித்தியாலம் என்றால் அதற்கு 21 வருடம் பிடிக்கும். நாளுக்கு ஒரு மணித்தியாலம் என்றால் மூன்று வருடம். தமிழருக்குச் சிங்களத்தில் அவ்வளவு தேவைப்படாது. ஆனாலும் நாள்தோறும் தானாகச் செலவிடும் நேரம்தான் மொழியைத் தரும் என்பதில் மாற்றமில்லை. வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசு அந்த நேரம் வீணாகாமல் இருப்பதற்கான காசு.

எங்கே நேரம் வீணாகிறது என்பதைத் தமிழ் தெரிந்த வழிகாட்டி உடனே கண்டுகொள்வார். சிங்கள வாக்கிய அமைப்புக்காகத் தமிழர் மெனக்கெட வேண்டியதில்லை. "மம கெதர யனவா" என்பதைச் சொல்லுக்குச் சொல் வைத்தால் "நான் வீட்டை போறன்". பேச்சில் வினையும் ஆளுக்கு ஆள் மாறாது: மம யனவா, ஒயா யனவா, எயா யனவா. போறன், போறாய், போறார் என்று பழகிய வாய்க்கு இது ஆறுதல். சிக்கல் ஒலியில் இருக்கிறது. கொப்பியில் சிங்களச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிப்பதே இங்கே பெரும்பாலானோரின் வழக்கம். அந்தக் கொப்பிதான் பொறி. "பார" என்று எழுதியதன் முதல் எழுத்தைப் "பட்டம்" என்பதில் போல ஒலித்தால் வீதி. "பஸ்" என்பதில் போல ஒலித்தால் பொறுப்பு, ஒப்படைப்பு. மலைக்கும் "கந்த", மரத்தின் அடித்தண்டுக்கும் "கந்த". தண்டைச் சொல்லும்போது நகர ஒலி மூக்கில் பட்டதும் படாததுமாக நழுவிவிடும். மலைக்கு அது முழுதாக நிற்கும். "இல்லை" என்று பொருள்படும் சிங்களச் சொல்லின் உயிரொலிக்குத் தமிழில் எழுத்தே இல்லை. முதல் மாதத்திலேயே சிங்கள எழுத்தைப் படிக்கச் சொல்லாத வழிகாட்டி நல்ல வழிகாட்டி அல்லர். இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

அடுத்தது, எதைப் படிப்பது. புறாமலைக்குப் படகு ஓட்டும் ஒரு தம்பியை எடுத்துக்கொள்ளலாம். விலை சொல்லவும் நேரம் சொல்லவும் அவருக்குச் சிங்களம் உண்டு. பவளப்பாறைக்கு மேல் சிறிய சுறாக்கள் நீந்துவதைக் கண்டு ஒரு பிள்ளை அழும்போது, "பய வென்ன எப்பா" என்றதோடு சொல் முடிந்துவிடுகிறது. பயப்படாதே என்றாயிற்று, ஏன் பயப்பட வேண்டாம், இந்தச் சுறா எதைத் தின்னும், பாறையில் ஏன் கால் வைக்கக் கூடாது என்பதெல்லாம் தமிழில் நெஞ்சுக்குள்ளேயே கிடக்கின்றன. கெட்டிக்கார வழிகாட்டி பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்துக்குப் போகமாட்டார். சொல்ல நினைத்துச் சொல்ல முடியாமல் போன பத்து வசனங்களைத் தமிழில் எழுதிக்கொண்டு வரச் சொல்வார். அந்தப் பத்தும் சிங்களமாகும். தம்பி அவற்றைக் குரல் பதிவாக வட்ஸ்அப்பில் அனுப்புவார். திருத்தம் குரலாகவே திரும்பி வரும். அடுத்த கிழமை இன்னும் பத்து.

அமர்த்தப்படுகிறவர் யார் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சிங்களவர் என்ற ஒரே தகுதி போதாது. தன் தாய்மொழியில் ஏன் அப்படிச் சொல்கிறோம் என்பது பலருக்கும் தெரியாது. வியாபாரத்தில் சிங்களம் பழகிய நானா ஒருவர் சரளமாகப் பேசுவார். ஆனால் சந்தையில் பழகிய "உம்ப" என்ற விளிப்பை அரச அலுவலர் முன் சொன்னால் காரியம் கெடும். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு, சிங்களத்தைப் பிற்காலத்தில் படித்துத் தேறிய ஒருவர் பொருத்தம், அவர் தடுக்கி விழுந்த இடங்களை மறக்காதவராக இருந்தால். ஒலிக்கு மட்டும் இடையிடையே ஒரு சிங்களவரின் காது வேண்டும். மூன்று மாதக் கட்டணத்தை முன்கூட்டியே கேட்பவரை விட, ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவெடுக்கச் சொல்பவரை நம்பலாம்.

சேர்ந்து வாழ்ந்தால் மொழி தானாக வரும் என்ற எண்ணம் ஊரில் வலுவானது. திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் 1660இல் பிடிபட்ட ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ் அப்படித்தான் சிங்களம் கற்றார். 1681இல் வந்த அவருடைய இலங்கை நூலில் சிங்களச் சொற்களும் இருக்கின்றன. அவர் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்தது ஏறத்தாழ 19 வருடம்.

வழிகாட்டி தேவைப்படுபவர்கள் மறுகரையிலும் இருக்கிறார்கள். 1956இன் சட்டம் சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கியது. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 2007ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை, அரச சேவையில் புதிதாகச் சேருவோர் ஐந்து வருடத்துக்குள் மற்ற அரச கரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. தெற்கிலிருந்து இப்பகுதிக்கு நியமனம் பெற்று வரும் உத்தியோகத்தர் பரீட்சைக்காக "போகிறேன்" என்று படித்துவிட்டு வர, சாளரத்துக்கு முன் நிற்கும் அம்மா "போறன் தம்பி" என்கிறார். அந்த உத்தியோகத்தருக்கு வேண்டியது பரீட்சை வினாத்தாள் பயிற்சி அல்ல. கிழமைக்கு ஒரு தடவை இந்த ஊர்ப் பேச்சைப் பேசிக் காட்டும் ஒருவர். படகோட்டும் தம்பி சிங்களம் படிப்பது அவருடைய தொழிலுக்கும் விருப்பத்துக்கும் உரியது. அலுவலகத்தில் தமிழில் பதில் பெறுவது அவருடைய உரிமை. அவர் சிங்களம் படித்துவிட்டார் என்பதால் அந்த உத்தியோகத்தரின் கடமை குறையாது.

வழிகாட்டியோடு செய்துகொண்ட ஏற்பாடு முடிகிற நேரத்தைக் கண்டுகொள்வது கடினமல்ல. பேசிக்கொண்டிருக்கும்போதே தம்பி தன் பிழையைப் பிடித்துத் தானே திருத்தத் தொடங்குவார். அதன்பிறகு கிழமைக்கு ஒன்றாக இருந்த சந்திப்பு மாதத்துக்கு ஒன்றாகும். படகுகள் கரையேறும் வாடைக்காற்று மாதங்களில் மட்டும் திரும்பவும் அடிக்கடி சந்திக்கலாம், அப்போது பேசப் பயணிகள் இருக்கமாட்டார்கள் என்பதால். ஏப்ரலில் முதல் படகு கடலில் இறங்கும்போது அந்தக் கட்டணத்தை நிறுத்திவிடலாம்.